அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு கையேடு: தமிழ்க் கருத்துப் போதுமா, வரைவிலக்கணமும் வாக்கியமும் வேண்டுமா?

ஆலங்கேணியான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறோம். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்துச் சிறு கையேடு ஒன்றை அச்சிட்டுக் கொடுக்க ஊரவர் சிலர் முன்வந்திருக்கிறார்கள். எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்பதில் கவலை இல்லை. ஒக்ஸ்போர்ட் 3000 என்னும் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; 2019இல் அதைத் திருத்தியபோது ஒவ்வொரு சொல்லும் ஏ1 (தொடக்கநிலை) முதல் பி2 (இடைநிலைக்கு மேல்) வரையான எந்தப் படிநிலைக்கு உரியது என்றும் குறித்திருக்கிறார்கள். அதில் முதல் இரண்டு படிநிலைகளையும் எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம். சொல்லுக்கு எதிரே எதை எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

இப்போது பிள்ளைகள் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொப்பித் தாளின் நடுவே கோடு கீறி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லையும் மறுபக்கம் தமிழ்க் கருத்தையும் எழுதி, மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். கருத்தைக் கேட்டால் பிசகாமல் சொல்கிறார்கள். அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனை நகர்வதில்லை; நகர்ந்தாலும் தமிழ் வாக்கிய ஒழுங்கிலேயே ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எங்களோடு படிப்பிக்கும் ஒருவர், தமிழை அடியோடு நீக்கிவிட்டு ஆங்கில வரைவிலக்கணமும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் மட்டும் போடவேண்டும் என்கிறார். இன்னொருவர், அப்படி அச்சிட்டால் பிள்ளைகள் கையேட்டைத் திறந்தே பார்க்கமாட்டார்கள் என்கிறார். படிப்பித்த அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும். இங்குள்ள வழக்கப்படி ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவோம்.

உவர்மலை ஆசிரியை

வணக்கம் தம்பி. நான் உங்களுடைய முதலாமவரின் பக்கம் நிற்கிறேன். வரைவிலக்கணம் என்றதும் நம்மவர்கள் அஞ்சுவதற்குக் காரணம், பெரியவர்களுக்காக எழுதப்பட்ட அகராதிகளையே நாம் பார்த்துப் பழகியிருப்பதுதான். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட பெரிய அகராதியில் நெற்வேர்க் என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கம் இன்றும் வேடிக்கையாகப் பேசப்படுகிறது. திருக்கடலூர்க் கடற்கரையில் எந்தச் சிறுவனும் கையால் தொட்டுக் காட்டக்கூடிய வலைப்பின்னலை, அந்தச் சொல்லைவிடப் பத்து மடங்கு கடினமான இலத்தீன் வழிச் சொற்களால் அவர் விளக்கியிருந்தார். அப்படிப்பட்ட வரைவிலக்கணத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு மாற்றுவழி கண்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ற். அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராக இருந்தவர். வங்காள மாணவர்கள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதை நேரில் பார்த்தவர். அவரும் ஜேம்ஸ் எண்டிகொற்றும் 1935இல் வெளியிட்ட அகராதியில் ஏறக்குறைய 24,000 பதிவுகளை 1,490 சொற்களை மட்டும் பயன்படுத்தி விளக்கினார்கள். விளக்கத்தில் வரும் சொல் எப்போதும் எளிய சொல்லாகவே இருக்கவேண்டும் என்ற இந்த ஒழுங்கைத்தான் 1978இல் லோங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுடன் பின்பற்றியது. இன்று மாணவர்களுக்கென வரும் ஆங்கில அகராதிகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளங்கிக்கொள்ளும் பிள்ளை, ஒரு சொல்லைத் தேடும்போது வேறு பத்துச் சொற்களையும் மீண்டும் ஒருமுறை சந்திக்கிறது. தமிழ்க் கருத்தை மட்டும் எழுதினால் அந்தச் சந்திப்பு நடப்பதில்லை.

பாலையூற்றுத் தந்தை

என் மகளுக்கு ரியூசனில் இப்போது வரைவிலக்கணத்தைத்தான் கொடுக்கிறார்கள். அவள் அதையும் பாடமாக்கி ஒப்புவிக்கிறாள். முன்பு ஒரு சொல்லைப் பாடமாக்கியவள் இப்போது ஒரு வரியைப் பாடமாக்குகிறாள். வாக்கியம் எழுதுவதில் எந்த முன்னேற்றத்தையும் நான் காணவில்லை.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியை சொன்ன வரலாறு சரியானது. ஆனால் அந்த வரலாற்றுக்குள்ளேயே அவருடைய முடிவுக்கு எதிரான செய்தி ஒன்று இருக்கிறது. வெஸ்ற்றின் அகராதி 1,490 சொற்களை ஏற்கெனவே அறிந்தவருக்காகச் செய்யப்பட்டது. அந்தச் சொற்களை அவர் எப்படிக் கற்றுக்கொண்டு வருவார் என்பதற்கு அகராதியில் விடை இல்லை. அது அகராதியின் வேலையும் அல்ல. தம்பியின் கையேட்டில் வரப்போகும் சொற்களோ பெரும்பாலும் அந்த அடிப்படைச் சொற்களில், மிக அடிக்கடி வரும் முதல் ஆயிரத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஆங்கில வரைவிலக்கணத்தால் கற்பிப்பது, தோணி இல்லாதவனிடம் ஆழ்கடலில் மீன்படும் இடத்தைச் சொல்லி அனுப்புவது போன்றது.

ஒரு சொல் எவ்வளவுக்கு எவ்வளவு பொதுவானதோ அவ்வளவுக்கு அவ்வளவு அதற்கு நல்ல வரைவிலக்கணம் எழுதுவது கடினம். டோர் என்ற சொல்லுக்குக் கதவு என்று எழுதினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். கட்டடத்தினுள் நுழையவும் வெளியேறவும் திறந்து மூடப்படும் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன பலகை என்று ஆங்கிலத்தில் எழுதினால், கதவைத் தெரிந்த பிள்ளைகூடக் குழம்பிப்போகும். ஒஃப், இஃப், ஈவின் போன்றவற்றை வரையறுக்க முயன்றவர்களுக்குத்தான் அந்தத் துன்பம் தெரியும்.

இன்னொன்று. உளவியலாளர்களான ஜோர்ஜ் மில்லரும் பட்ரீசியா கில்டேயாவும் பிள்ளைகள் சொற்களைக் கற்கும் முறை பற்றி 1987இல் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளிப் பிள்ளைகளிடம் அகராதியைக் கொடுத்து, புதிய சொல்லைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னபோது, விளக்கத்தில் தமக்குத் தெரிந்த ஒரு துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு அவர்கள் எழுதினார்கள். இரோட் என்றால் அரித்தல். அதன் விளக்கத்தில் ஈற் அவுற் என்ற தொடர் இருந்தது. அந்தத் தொடருக்கு அன்றாட வழக்கில் வெளியே போய்க் கடையில் சாப்பிடுதல் என்றும் கருத்து உண்டு. எனவே ஒரு பிள்ளை தன் குடும்பம் அடிக்கடி அரிக்கிறது என்னும் கருத்தில் வாக்கியம் எழுதியது! தாய்மொழிக்காரப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், பாலையூற்று ஐயாவின் மகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இதனால் நான் பழைய இருபக்கக் கொப்பியை ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் குறை தமிழில் எழுதுவது அல்ல. ஒற்றைச் சொல்லில் எழுதுவது. ஹோப், பிலீவ், ரஸ்ற் மூன்றுக்கும் நம்பு என்று எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். சீ, லுக், வோட்ச் மூன்றுக்கும் பார் என்று எழுதினாலும் அப்படித்தான். சே, ரெல் இரண்டுக்கும் சொல்; டூ, மேக் இரண்டுக்கும் செய். பிள்ளைகளின் பிழைகள் பெரும்பாலும் இந்த இடங்களிலேதான் பிறக்கின்றன. வரைவிலக்கணம் உண்மையில் தேவைப்படும் இடமும் இதுவே. ஆனால் வரைவிலக்கணம் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஒன்று நடக்கவேண்டும் என்று விரும்பி, நடக்கக்கூடும் என்றும் எண்ணுவது ஹோப். ஒன்று உண்மை என்று எண்ணுவது பிலீவ். ஒருவர் நேர்மையானவர், நமக்குத் தீங்கு செய்யமாட்டார் என்று எண்ணுவது ரஸ்ற். விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கதவு, மேசை, மழை போன்றவற்றுக்கு ஒற்றைச் சொல்லே போதும்.

கிண்ணியா மாணவி

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். பாடங்கள் ஆங்கில மொழிமூலம். மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்ன இரண்டு கட்டங்களும் எனக்கு அனுபவத்தில் தெரிந்தவை. வளாகத்திற்கு வந்த பிறகுதான் ஆங்கில வரைவிலக்கணங்கள் எனக்குப் பயன்படத் தொடங்கின. அதற்கு முன்னர் ஒரு சொல்லைத் தேடப் போனால் விளக்கத்திலேயே மூன்று புதிய சொற்கள் வரும்.

ஒரு விடயத்தை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாயிரம் சொற்களைப் படித்தால் ஆங்கிலத்தின் 80 சதவீதம் விளங்கிவிடும் என்று ஆங்கில வகுப்பு விளம்பரங்களில் வாசிக்கிறோம். எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய அவ்வளவை அந்த இரண்டாயிரம் நிரப்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் 80 சதவீதம் சொற்கள் தெரிவதும் 80 சதவீதம் பொருள் விளங்குவதும் ஒன்றல்ல. ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாத பந்தியில், பத்துச் சொல் கொண்ட ஒவ்வொரு வரியிலும் இரண்டு இடம் இருட்டாக இருக்கும், அந்த இரண்டும் பெரும்பாலும் பொருளைத் தாங்கும் சொற்களாகவே இருக்கும். சொற்கற்றல் ஆய்வாளர் போல் நேஷன் 2006இல் எழுதிய ஆய்வில், செய்தித்தாள், நாவல் போன்றவற்றைப் பிறர் துணையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று கணித்திருக்கிறார். உயர்கல்விக்கு வருபவர்களுக்கு அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் பட்டியல் நல்ல அடுத்த படி. கல்விசார் நூல்களில் சுமார் பத்திலொரு பங்குச் சொற்கள் அதில் அடங்கும். கையேட்டின் முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டால், கையேட்டை முடித்த பிள்ளை முதல் ஆங்கிலப் பத்திரிகையைத் திறந்ததும் மனம் தளர்ந்துவிடாது.

நிலாவெளி வரவேற்பாளர்

நான் விடுதியொன்றின் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். மே மாதத்தில் சீசன் தொடங்கினால் நாள் முழுவதும் ஆங்கிலம்தான். வேலைக்கு வரும் இளைஞர்களைத் தடுமாறவைப்பது பெரிய சொற்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ரிசர்வேஷன், பிறேக்பாஸ்ற் போன்றவை இரண்டு நாளில் வாயில் வந்துவிடும். கெற், புற், ரேக் ஆகிய மூன்றும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. கெற் என்றால் பெறு என்று படித்துவிட்டு வந்தவரிடம் விருந்தினர் ஒருவர், புறாமலைத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று அதே கெற்றை வைத்துக் கேட்கிறார். இருட்டுகிறது என்பதற்கும் கெற், விளங்கவில்லை என்பதற்கும் கெற், தோணியிலிருந்து இறங்குவதற்கும் கெற். இதற்குத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் எந்த விளக்கமும் உதவாது. அடிக்கடி வரும் நான்கைந்து வாக்கியங்களைத் தொடர்களாகவே கொடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

மிகச் சரி. எந்த நான்கைந்து என்பதற்கும் வழி இருக்கிறது. வெஸ்ற் 1953இல் வெளியிட்ட சுமார் இரண்டாயிரம் சொற்களின் பொதுப் பட்டியலில், ஒரு சொல்லின் ஒவ்வொரு கருத்தும் நூற்றுக்கு எத்தனை பங்கு வருகிறது என்ற கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு இன்று பழையதாகிவிட்டாலும், சொல்லை எண்ணினால் போதாது, கருத்தையும் எண்ணவேண்டும் என்ற எண்ணம் பழையதாகவில்லை. ஒரு சொல்லுக்கு அகராதியில் இருபது கருத்து இருந்தால் இருபதையும் கையேட்டில் போடுவது அறிவைக் காட்டும், பிள்ளைக்கு உதவாது.

உவர்மலை ஆசிரியை

முதல் ஆயிரம் சொற்களுக்குத் தமிழ் விளக்கம் என்பதை ஏற்கிறேன். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ் விளக்கம், ஆங்கில நிகர், இன்றைய வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு என்று அமைத்திருந்தார்கள். ஐயா சொல்வது அதைத் திருப்பி வைத்தாற்போல் அமையும். ஆனால் எல்லோரும் வாக்கியம் வேண்டும், வாக்கியம் வேண்டும் என்கிறீர்களே தவிர, எப்படிப்பட்ட வாக்கியம் என்பதை யாரும் பேசவில்லை. கையேட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ரியூசன் குறிப்புகளில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். திஸ் இஸ் எ டோர். ஹீ இஸ் ஹொனெஸ்ற். அந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆகவே அது அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நல்ல வாக்கியத்தில் சொல்லை மறைத்துவிட்டுப் படித்தாலும் ஏறக்குறைய என்ன சொல் வரவேண்டும் என்று ஊகிக்க முடியவேண்டும். யூஸ்ட் ரு என்பதற்கு எங்கள் வகுப்பில் கிண்ணியாப் பாலத்தைத்தான் வைத்துச் சொல்வேன்: 2009இல் பாலம் திறக்கும்வரை மக்கள் பாதை எனப்படும் படகில் ஏறிக் கடப்பது வழக்கமாக இருந்தது, இப்போது அப்படியில்லை. பிபோர் த பிரிட்ஜ், பீப்பிள் யூஸ்ட் ரு கிறொஸ் பை ஃபெறி. முன்பு இருந்து இப்போது இல்லாதது என்பது அந்த ஒரே வாக்கியத்தில் முழுமையாக வந்துவிடுகிறது. இலக்கண விதியைத் தனியாகச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

அடுத்தது, சொல்லோடு எது சேர்ந்து வரும் என்பது. தமிழில் எனக்கு விளக்கினார் என்று நாலாம் வேற்றுமை வருவதால், பிள்ளைகள் எக்ஸ்பிளெயின்ட் மீ என்று எழுதுகிறார்கள். இடையில் ரு வரவேண்டும். அதைப் பற்றிக் கலந்துரையாடினோம் என்பதால் டிஸ்கஸ் என்பதற்குப் பின் எபவுற் போடுகிறார்கள். அங்கே எதுவும் வரக்கூடாது. அவரிடம் கேட்டேன் என்பது ஆஸ்க்ட் ஃபுரொம் ஹிம் ஆகிவிடுகிறது. இந்தப் பிழைகளைச் சொல்லின் கருத்தை எவ்வளவு நன்றாக விளக்கினாலும் நீக்கமுடியாது, ஏனென்றால் பிள்ளைக்குக் கருத்து ஏற்கெனவே சரியாகத் தெரியும். ஹோர்ன்பி என்னும் ஆங்கில ஆசிரியர் யப்பானில் படிப்பித்த காலத்தில் இதைக் கண்டுதான், கேற்றன்பி, வேக்ஃபீல்ட் ஆகியோருடன் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியில் ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று குறித்தார். பின்னாளில் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டுவரும் மாணவர் அகராதிக்கு அடித்தளம் அந்த நூல்தான்.

பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்க்ளேயர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி இன்னொரு படி போனது. அதில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும்: நீங்கள் ஒருவரை இன்னது செய்தால், என்று தொடங்கும். யார் யாருக்குச் செய்வது, பின்னால் எது வரும் என்பவை விளக்கத்திலேயே தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுகளை ஆசிரியர்கள் இருந்த இடத்தில் கற்பனை செய்யாமல், கணினியில் திரட்டிய உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்தார்கள். இந்தக் கடைசி விடயத்தில் மட்டும் நான் அவர்களோடு முழுமையாக உடன்படுவதில்லை. உண்மை வாக்கியங்களில் இலண்டன் அரசியலும் கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகளும் வந்து பிள்ளைகளைத் திசைதிருப்பும். நம்மூர் வாக்கியங்களை நாமே எழுதுவோம். ஆனால் எழுதிய பின் அந்தச் சொற்சேர்க்கை உண்மையில் வழக்கில் உண்டா என்று ஒரு மாணவர் அகராதியில் சரிபார்த்துவிட வேண்டும்.

ஆலங்கேணியான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை எங்கள் ஆட்களோடு இருந்து மாதிரிப் பக்கம் ஒன்று எழுதினோம். பார்த்துத் திருத்துங்கள்.

ஹோப்: ஒன்று நடக்கவேண்டும் என்று விரும்பி, நடக்கக்கூடும் என்று எண்ணுதல். ஐ ஹோப் த பஸ் கம்ஸ் சூன்.
பிலீவ்: ஒன்று உண்மை என்று எண்ணுதல். ஷீ டிடின்ற் பிலீவ் மை ஸ்ரோறி.
ரஸ்ற்: ஒருவர் நேர்மையானவர் என்று எண்ணுதல். ஐ ரஸ்ற் மை ஃபிறென்ட்.
லென்ட்: திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவருக்குக் கொடுத்தல். கான் யூ லென்ட் மீ யோர் பைசிக்கிள்?
பொரோ: திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு ஒருவரிடம் வாங்குதல். ஐ பொரோட் திஸ் புக் ஃபுரொம் த லைபிறறி.

பாலையூற்றுத் தந்தை

இது மகளுக்கு விளங்கும். வாக்கியத்தை மறைத்துவிட்டுக் கருத்தையும், கருத்தை மறைத்துவிட்டு வாக்கியத்தையும் கேட்கக்கூடியதாக அச்சில் இரண்டுக்கும் இடையே இடைவெளி விட்டால் வீட்டில் நாங்களும் கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தமிழ் விளக்கம் இருப்பதால் சரி பிழை பார்க்க முடியும்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

விளக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ரஸ்ற்றின் வாக்கியம் ஆசிரியை சொன்ன சோதனையில் தேறாது. அந்த இடத்தில் லைக் என்றும் ஹெல்ப் என்றும் வரலாம். வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு என்று ஏதாவது சேருங்கள்: ஐ ரஸ்ற் ஹேர், ஸோ ஐ கேவ் ஹேர் மை கீஸ். பொரோவுக்குப் பின் ஃபுரொம் வந்திருப்பது நல்லது, அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். லென்ட் வாக்கியத்தில் மீ எங்கே வருகிறது என்பதையும் அப்படியே.

பக்க அமைப்பில்தான் எனக்கு மறுப்பு. நான் மேலே ஹோப், பிலீவ், ரஸ்ற் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது நமக்குள் வேறுபாட்டைக் காட்டுவதற்காக. பிள்ளை முதன்முறை படிக்கும்போது ஒன்றோடொன்று நெருங்கிய சொற்களை ஒரே பக்கத்தில் கொடுத்தால், எது எது என்று மாறிப்போகும். 1990களில் ரிங்கம், வேறிங் என்னும் ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், பொருளால் நெருங்கிய சொற்களைக் கூட்டாகப் படித்தவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படித்தவர்களைவிடக் கற்கக் கூடுதல் நேரம் எடுத்தது. லென்ட், பொரோ இரண்டையும் ஒரே நாளில் படித்த பிள்ளை காலம் முழுவதும் அவற்றைத் தலைகீழாகச் சொல்வதை நீங்களே கண்டிருப்பீர்கள். எனவே பொரோ முதல் தவணையில் வரட்டும், வாசிகசாலைப் புத்தகத்தோடு நன்றாகப் படியட்டும். லென்ட் அடுத்த தவணையில் வரட்டும். பிலீவ் முன்னும் ரஸ்ற் பின்னும் வரவேண்டும்.

உவர்மலை ஆசிரியை

அதற்கு ஒன்று சேர்க்கிறேன். பிரித்து வைத்த சொற்களை ஆண்டு இறுதியில் ஒரு பக்கத்தில் சந்திக்கவைத்து, வெற்றிடம் நிரப்பும் பயிற்சியாகக் கொடுங்கள். வேறுபாட்டைப் பேச அதுவே தகுந்த நேரம். நிலாவெளித் தம்பி, கெற் பக்கத்தை நீங்களே எழுதித் தந்தால் என்ன? விருந்தினர் வாயிலிருந்து வந்த தொடர்கள் என்னிடம் இல்லை. நான் சரிபார்த்துத் தருகிறேன்.

நிலாவெளி வரவேற்பாளர்

எழுதித் தருகிறேன் ரீச்சர். கெற் ஒன், கெற் ஒஃப், கெற் ரு, கெற் பாக், கெற்றிங் லேற் ஆகிய ஐந்தோடு நிறுத்துகிறேன். புற், ரேக் இரண்டையும் சீசன் முடிந்த பிறகு பார்ப்போம்.